லிங்க் விளக்கு எரிகிறது, பாக்கெட் போகவில்லை

புது சர்வர் ரேக்கில் ஏறியதும் நான் முதலில் போய் நிற்பது அதன் பின்பக்கத்தில்தான். எத்தனை நெட்வொர்க் போர்ட் இருக்கிறது, எது மதர்போர்டோடு வந்தது, எது தனி கார்டில் இருக்கிறது என்று பார்த்துக்கொண்ட பிறகுதான் மற்ற வேலை. நான் கையாளும் சர்வர்களில் பெரும்பாலும் நான்கு இருக்கும்: போர்டிலேயே இரண்டு, கார்டில் இரண்டு. சர்வரைத் தூரத்திலிருந்து கையாளும் மேலாண்மை போர்ட் தனி, அதை இதில் சேர்ப்பதில்லை. ஒரு வழி அறுந்தாலும் சர்வர் பேசிக்கொண்டே இருக்கும்படி இவற்றைக் கட்டி வைப்பது என் வேலையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இரண்டாவது வழி போடுவது சுலபம். கேபிளைச் செருகி, கான்ஃபிக் கோப்பில் சில வரிகள் எழுதினால் முடிந்தது. முதல் வழி செத்துவிட்டது என்று சர்வருக்கு எப்படித் தெரியப்போகிறது என்பதில்தான் கஷ்டமெல்லாம் இருக்கிறது. கேபிள் அறுந்தால் தெரிந்துவிடும். ஆனால் நான் பார்த்த மோசமான தடங்கல்களில் கேபிள் அறுந்தது அபூர்வம். இரண்டு போர்ட்டிலும் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருக்கும், ஒரு பாக்கெட்டும் (நெட்வொர்க்கில் போகும் தரவுத் துண்டு) போகாது.

அதற்கு முன், வழிகள் உண்மையிலேயே இரண்டுதானா என்று பார்க்க வேண்டும். லினக்ஸில் போர்ட்டின் பெயரே பாதி விஷயத்தைச் சொல்லிவிடும். 2013இல் சிஸ்டம்டி (லினக்ஸில் சேவைகளைத் தொடங்கி நிர்வகிக்கும் மென்பொருள்) கொண்டுவந்த பெயரிடும் முறையில் இஎன்பி3எஸ்0எஃப்0, இஎன்பி3எஸ்0எஃப்1 என்று இரண்டு போர்ட் தெரிந்தால், இரண்டும் 3ஆம் எண் பஸ்ஸில் (கார்டுகள் இணையும் பாதை), ஒரே ஸ்லாட்டில் இருக்கின்றன என்று அர்த்தம். கடைசியில் வரும் எஃப்0, எஃப்1 மட்டும்தான் வேறு. அதாவது ஒரே கார்டு, பெரும்பாலும் ஒரே சிப். அந்த கார்டின் ஃபர்ம்வேர் தொங்கினால் இரண்டு போர்ட்டும் சேர்ந்தே போகும். அதனால் போர்டில் இருக்கும் ஒன்றையும் கார்டில் இருக்கும் ஒன்றையும் ஜோடி சேர்ப்பேன். பழைய ஈத்0, ஈத்1 பெயர்களில் இந்த வசதி கிடையாது. ரீபூட்டுக்கு ரீபூட் வரிசை மாறவும் வாய்ப்பு இருந்தது.

சர்வரை விட்டு வெளியே வந்தால் அடுத்த கேள்வி, அந்த இரண்டு கேபிளும் எங்கே போகின்றன என்பது. வேறு வேறு சுவிட்சுக்குப் போகின்றன என்று வரைபடம் சொல்லும். வரைபடத்தை நான் நம்புவதில்லை, எல்எல்டிபியைக் (பக்கத்துச் சாதனத்துக்குத் தன் பெயரையும் போர்ட்டையும் அறிவிக்கும் நெறிமுறை) கேட்பேன். சர்வரில் அதற்கான டீமனை (பின்னணியில் ஓடும் நிரல்) நிறுவிவிட்டால், எந்த போர்ட் எந்த சுவிட்சின் எந்த போர்ட்டில் செருகப்பட்டிருக்கிறது என்பதை சுவிட்சே சொல்லிவிடும். வரைபடத்தில் 'சுவிட்ச் அ, சுவிட்ச் ஆ' என்று இருந்து, எல்எல்டிபியில் இரண்டு போர்ட்டுக்கும் ஒரே சுவிட்சின் பெயர் வந்து நின்றதைப் பார்த்திருக்கிறேன். ரேக்குக்கு அருகிலேயே ஆள் இருந்தால் ஈத்டூல் கட்டளைக்கு 'பி' என்ற ஆப்ஷன் கொடுத்து, குறிப்பிட்ட போர்ட்டின் விளக்கை மட்டும் மின்னச் செய்யலாம். போனில் "எது மின்னுது?" என்று கேட்டு உறுதி செய்துகொள்வது ரொம்ப உதவும்.

சுவிட்ச் வேறாக இருந்தாலும் இரண்டுக்கும் ஒரே மின்பட்டையிலிருந்து மின்சாரம் போகிறதா, இரண்டும் மேலே ஒரே ஒரு ரவுட்டரில் போய்ச் சேர்கின்றனவா என்பதும் உண்டு. ஏதோ ஓர் இடத்தில் எல்லா வழியும் ஒன்றாகத்தான் சேரும், அதைத் தவிர்க்க முடியாது. அது எந்த இடம் என்று தெரிந்து, எழுதி வைத்திருந்தால் போதும்.

சரி, பல போர்ட்டுகளைச் சேர்த்து ஒரே போர்ட் போல ஆக்கும் பாண்டிங்குக்கு வருவோம். லினக்ஸ் கர்னலின் பாண்டிங் டிரைவரில் 0 முதல் 6 வரை ஏழு மோடுகள் உண்டு. நான் பயன்படுத்துவது இரண்டுதான்: ஆக்டிவ்-பேக்கப் என்ற மோடு 1, எல்ஏசிபி (லிங்க்குகளை ஒரே குழுவாக்க சர்வரும் சுவிட்சும் பேசிக்கொள்ளும் நெறிமுறை) பேசும் மோடு 4. மற்றவற்றுக்கும் பயன்பாடு இருக்கிறது. ஆனால் மோடு 0 பாக்கெட்டுகளை மாற்றி மாற்றி அனுப்பி டிசிபியில் (தரவை வரிசையாகக் கொண்டு சேர்க்கும் நெறிமுறை) வரிசையைக் குலைக்கும். 5, 6 இரண்டும் சுவிட்சின் உதவி இல்லாமலே சுமையைப் பிரிக்கப் பார்க்கும். பிரச்சினை வரும்போது எந்த பாக்கெட் எந்த வழியாகப் போனது என்று தேடுவது சிரமம். ராத்திரியில் தூக்கக் கலக்கத்தோடு ஒருவர் பார்த்தாலும் புரிய வேண்டும் என்பது என் அளவுகோல். அதில் இந்த இரண்டு மோடுகள்தான் தேறுகின்றன.

ஆக்டிவ்-பேக்கப்பின் அழகு அதன் எளிமையில் இருக்கிறது. ஒரு போர்ட் வேலை செய்யும், மற்றது காத்திருக்கும். சுவிட்சுக்கு இப்படி ஓர் ஏற்பாடு இருப்பதே தெரிய வேண்டியதில்லை. சாதாரணமாக இரண்டு போர்ட்டும் ஒரே மேக் முகவரியைத்தான் (போர்ட்டின் வன்பொருள் முகவரி) பயன்படுத்தும். மாறும் நேரத்தில், யாரும் கேட்காமலே, சர்வர் ஓர் ஏஆர்பி (ஓர் ஐபிக்கு உரிய மேக் முகவரி எது என்று சொல்லும் நெறிமுறை) அறிவிப்பை அனுப்பும். அதைப் பார்த்து சுவிட்சுகள் "இந்த மேக் இனி இந்தப் பக்கம்" என்று தங்கள் பட்டியலைத் திருத்திக்கொள்ளும். இந்த அறிவிப்பு இயல்பாக ஒரு தடவைதான் போகும், அது வழியில் தொலைந்தால் சிரமம். நான் எண்ணிக்கையைக் கொஞ்சம் கூட்டி வைப்பேன், செலவு ஒன்றும் இல்லை.

எல்ஏசிபியை எல்லோரும் விரும்புவது வேகத்துக்காக. இரண்டு 10 கிகாபிட் லிங்க் போட்டால் 20 கிடைக்கும் என்பது எதிர்பார்ப்பு. கிடைக்கும், ஆனால் ஒரே இணைப்புக்குக் கிடைக்காது. ஒரு டிசிபி இணைப்பின் பாக்கெட்டுகள் எல்லாம் ஒரே லிங்க்கில்தான் போகும், இல்லாவிட்டால் வரிசை கலைந்துவிடும். ஒரு பெரிய பேக்கப் கோப்பை ஒரே இணைப்பில் நகலெடுத்தால் 10ஐத் தாண்டாது. இதைவிட அதிகம் பேர் கவனிக்காத ஒன்று இருக்கிறது. எந்த லிங்க் என்று தேர்வு செய்யும் ஹாஷ் கணக்கு, லினக்ஸில் இயல்பாக மேக் முகவரிகளைத்தான் பார்க்கிறது. சர்வரின் போக்குவரத்து எல்லாம் ஒரே கேட்வே (வெளி நெட்வொர்க்குக்கு வாசலான ரவுட்டர்) வழியாக வெளியே போகிறது என்றால், எதிர்முனை மேக் எப்போதும் கேட்வேயின் மேக்தான். அனுப்புபவர் மேக் மாறாது, பெறுபவர் மேக்கும் மாறாது. விடையும் எப்போதும் ஒன்றே. ஆயிரம் பயனர்கள் இருந்தாலும் ஒரு லிங்க் வியர்த்துக்கொண்டிருக்கும், மற்றது சும்மா இருக்கும். ஹாஷ் கொள்கையை லேயர் 3+4க்கு மாற்றி, ஐபியையும் போர்ட் எண்ணையும் கணக்கில் சேர்த்தால் பரவலாகப் பிரியும். துண்டுகளாகப் பிரிக்கப்பட்ட பாக்கெட்டுகள் விஷயத்தில் இது தரநிலையை முழுக்கப் பின்பற்றுவதில்லை என்று கர்னல் ஆவணமே சொல்கிறது. நடைமுறையில் எனக்கு அதனால் சிக்கல் வந்ததில்லை. சர்வரிலிருந்து வெளியே போவதைத்தான் இது தீர்மானிக்கும் என்பதையும் மறக்கக்கூடாது. உள்ளே வருவதைப் பிரிப்பது சுவிட்சின் ஹாஷ், அதை அந்தப் பக்கம்தான் மாற்ற வேண்டும்.

எனக்கு எல்ஏசிபி பிடிப்பதற்குக் காரணம் வேறு. இரு முனைகளும் ஒன்றோடொன்று பேசிக்கொண்டே இருக்கின்றன. 2000இல் 802.3ஏடி என்று வந்து, 2008இல் 802.1ஏஎக்ஸ் என்ற தனித் தரநிலையாக நகர்ந்த இந்த நெறிமுறையில், மெதுவான முறையில் 30 விநாடிக்கு ஒரு செய்தி போகும், வேகமான முறையில் விநாடிக்கு ஒன்று. மூன்று செய்தி வராவிட்டால் அந்த லிங்க் குழுவிலிருந்து விலக்கப்படும். அதாவது மெதுவான முறையில் 90 விநாடி, வேகமான முறையில் 3 விநாடி. லினக்ஸில் இயல்பாக இருப்பது மெதுவானது! விளக்கு எரிந்தபடியே செத்துப்போன ஒரு லிங்க்குக்கு, போக்குவரத்தில் பாதியை ஒன்றரை நிமிடம் அனுப்பிக்கொண்டே இருப்பது எந்த சேவைக்கும் தாங்காது. வேகமான முறையை இரு பக்கமும் வைக்க வேண்டும். ஏனென்றால் நாம் சர்வரில் வைக்கும் அமைப்பு, 'எனக்கு எவ்வளவு வேகத்தில் அனுப்பு' என்று எதிர்முனையிடம் கேட்பதற்கானது. சர்வர் எவ்வளவு வேகமாக அனுப்ப வேண்டும் என்பதை சுவிட்ச் கேட்கும்.

பாண்ட் சரியாகக் கூடியிருக்கிறதா என்று பார்க்க, ப்ராக் கோப்பகத்தில் நெட், அதற்குள் பாண்டிங் என்று போனால் பாண்டின் பெயரிலேயே ஒரு கோப்பு இருக்கும். அதை முழுக்கப் படிக்கும் பழக்கம் வேண்டும். மேலே 'எம்ஐஐ ஸ்டேட்டஸ்: அப்' என்று பார்த்ததும் பலர் மூடிவிடுகிறார்கள். கீழே ஒவ்வொரு போர்ட்டுக்கும் அக்ரிகேட்டர் ஐடி என்று ஓர் எண் இருக்கும். இரண்டு போர்ட்டிலும் அந்த எண் ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்றில் 1, மற்றதில் 2 என்று இருந்தால் இரண்டும் ஒரே குழுவில் சேரவில்லை, ஒன்றுதான் உழைக்கிறது. எதிர்முனையின் மேக் என்ற வரியில் எல்லாம் பூஜ்ஜியமாக இருந்தால் சுவிட்ச் எல்ஏசிபியே பேசவில்லை. 'லிங்க் ஃபெயிலியர் கவுண்ட்' என்ற வரியில் ஒரு போர்ட்டுக்கு மட்டும் எண் ஏறிக்கொண்டே போனால் கேபிளையோ ஆப்டிக் மாட்யூலையோ மாற்றும் நேரம் வந்துவிட்டது. எந்த டாஷ்போர்டைவிடவும் இந்த ஒரு கோப்பு எனக்கு அதிகம் சொல்லியிருக்கிறது.

எல்ஏசிபிக்கு ஒரு நிபந்தனை உண்டு. இரண்டு கேபிளும் ஒரே சுவிட்சில் முடிய வேண்டும், அல்லது இரண்டு சுவிட்சும் எம்லாக் போல ஓர் ஏற்பாட்டில் ஒரே சுவிட்சாகத் தோற்றம் தர வேண்டும். அப்படித் தோற்றம் தரும் ஜோடிக்கு நடுவில் இருக்கும் லிங்க், அவற்றின் மென்பொருள் பதிப்பு எல்லாம் இப்போது உங்கள் கவலைகளில் சேரும். நெட்வொர்க் குழு அதைச் சிறப்பாகப் பராமரிக்கிறது என்றால் எல்ஏசிபி. இல்லையென்றால் ஆக்டிவ்-பேக்கப் போட்டுவிட்டு நிம்மதியாக இருக்கலாம்.

இனி கண்காணிப்பு. இதற்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

எம்ஐஐமான் என்ற அளவுரு, எத்தனை மில்லிவிநாடிக்கு ஒருமுறை லிங்க் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்பதைச் சொல்லும். வழக்கமாக 100 போடுவார்கள். ஆனால் ஆக்டிவ்-பேக்கப் மோடில் டிரைவரில் அதன் இயல்பு மதிப்பு 0, அதாவது பார்க்கவே பார்க்காது. நெட்வொர்க்கை அமைக்கும் மென்பொருள்களில் நெட்வொர்க்மேனேஜர் தானாக 100 போட்டுக்கொள்ளும். நெட்பிளானும் சிஸ்டம்டி-நெட்வொர்க்டியும் நீங்கள் சொல்லாவிட்டால் 0 என்றே விட்டுவிடும். கேபிளைப் பிடுங்கினாலும் போர்ட் மாறாத பாண்டைப் பார்த்தால் முதலில் இதைத்தான் தேடுங்கள்.

100 போட்டாகிவிட்டது, இப்போது அது எதைப் பார்க்கிறது? கேபிளின் மறுமுனையில் ஏதோ ஒன்று சிக்னல் கொடுக்கிறதா என்பதை மட்டும். சிக்னல் கொடுக்கும் சுவிட்சின் உள்ளே என்ன நடக்கிறது என்பது அதற்குத் தெரியாது. நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் இரண்டில் ஒரு சுவிட்ச் தொங்கிப்போனது. எல்லா போர்ட்டிலும் விளக்கு எரிந்தது. சில போர்ட்டுகளில் வேகமாக மின்னவும் செய்தது, அது சர்வர்கள் அனுப்பிய பாக்கெட்டுகளை வாங்கிக்கொண்ட மின்னல். வாங்கியதை எங்கும் அனுப்பவில்லை. அந்த சுவிட்ச் பக்கம் ஆக்டிவ் போர்ட் இருந்த சர்வர்கள் எல்லாம் வெளியுலகுக்கு இல்லாமல் போயின. இரண்டாவது போர்ட் ஆரோக்கியமாக, அழைப்புக்காகக் காத்துக்கொண்டு, பக்கத்திலேயே இருந்தது. பாண்டின் நிலைக் கோப்பு இரண்டையும் 'அப்' என்றது. யாரோ ஒருவர் மேலாண்மை போர்ட் வழியாக ஒவ்வொரு சர்வராக நுழைந்து, கையால் போர்ட்டை மாற்றினார். மாற்றிய அடுத்த கணம் அந்த சர்வர் உயிர்பெற்றது.

இதே வகையில் இன்னும் இரண்டு. யாராவது சுவிட்சில் போர்ட்டைத் தவறான விலேனுக்கு (ஒரே சுவிட்சுக்குள் பிரித்து வைத்த தனி நெட்வொர்க்) மாற்றிவிட்டால் விளக்கு எரியும், சர்வர் தனித்தீவாகிவிடும். சுவிட்சின் மேல்நோக்கிய லிங்க்குகள் போய்விட்டால் சர்வரிலிருந்து சுவிட்ச் வரை எல்லாம் சரி, அதற்கு மேலே ஒன்றும் இல்லை. இந்தக் கடைசி ஒன்றுக்குச் சில சுவிட்சுகளில் மருந்து உண்டு: மேல் லிங்க் போனால் கீழே சர்வர் போர்ட்டுகளையும் தானே அணைத்துவிடும். அப்போது எம்ஐஐமானுக்கும் விஷயம் தெரிந்துவிடும். உங்கள் சுவிட்சில் இருந்தால் போட்டுக்கொள்ளுங்கள்.

ஆக்டிவ்-பேக்கப்பில் சர்வரிலிருந்தே செய்யக்கூடியது ஏஆர்பி கண்காணிப்பு. குறித்த இடைவெளியில் ஒரு முகவரியைப் பார்த்து 'நீ இருக்கிறாயா' என்று கேட்கும். சில தடவை பதில் வராவிட்டால் விளக்கு எரிந்தாலும் அந்த வழி செத்ததாகக் கணக்கு. இடைவெளியை நான் 1000 மில்லிவிநாடி வைப்பேன். அதைவிடக் குறைத்து, நெரிசல் நேரத்தில் வீணாகத் தாவ வைக்க விருப்பமில்லை. யாரைக் கேட்பது என்பதில் யோசிக்க வேண்டும். கேட்வேயை மட்டும் கொடுத்தால், கேட்வே ரீபூட் ஆகும் நேரத்தில் இரண்டு வழியும் செத்ததாகத் தோன்றும், ஒரே சப்நெட்டில் (ரவுட்டர் இல்லாமல் நேராகப் பேசும் முகவரிக் குழு) பக்கத்து சர்வரோடு பேச முடிந்தும் பாண்ட் மொத்தமாகக் கீழே விழும். 16 முகவரிகள் வரை கொடுக்கலாம். கேட்வேயோடு அதே சப்நெட்டில் எப்போதும் இருக்கும் இன்னொன்றையாவது சேர்ப்பேன். ஏஆர்பி வேலிடேட் என்பதையும் 'ஆல்' என்று வைக்க வேண்டும். இல்லாவிட்டால் பக்கத்தில் யாரோ யாரையோ கேட்கும் ஏஆர்பி சத்தம் காதில் விழுந்தாலே 'வழி உயிரோடு இருக்கிறது' என்று டிரைவர் நினைத்துக்கொள்ளும். வேலிடேட் போட்டால், தான் கேட்ட கேள்விக்கான பதில்தானா என்று பார்க்கும். காத்திருக்கும் போர்ட்டில், ஆக்டிவ் போர்ட் அனுப்பிய கேள்வி சுவிட்ச் வழியாகச் சுற்றி வந்து கேட்கிறதா என்று பார்க்கும். அதனால் காத்திருக்கும் வழியும் தினமும் சோதிக்கப்படுகிறது, அது எனக்குப் பெரிய நிம்மதி.

ஏஆர்பி கண்காணிப்பும் எம்ஐஐமானும் சேர்ந்து இருக்கக்கூடாது, ஒன்றுதான். எல்ஏசிபி மோடில் ஏஆர்பி கண்காணிப்பு கிடையாது, அங்கே எல்ஏசிபி செய்திகளே அந்த வேலையைப் பாதி செய்துவிடுகின்றன. பாதி என்பதைக் கவனியுங்கள். சுவிட்சின் மூளைப் பகுதி ஓடிக்கொண்டிருந்து பாக்கெட் தள்ளும் பகுதி மட்டும் கெட்டுப்போனால் எல்ஏசிபியும் ஏமாறும்.

வழி சாவதைப்பற்றி யோசிப்பவர்கள் அது திரும்பி வருவதைப்பற்றி யோசிப்பதில்லை. சுவிட்ச் ஃபர்ம்வேர் மேம்படுத்தும் ஒரு பராமரிப்பு இரவில் பக்கத்தில் இருந்து பார்த்தேன். சுவிட்ச் கீழே போனது, சர்வர்கள் எல்லாம் மற்றப் பக்கம் தாவின, ஒரு பயனருக்கும் தெரியவில்லை. எல்லோருக்கும் சந்தோஷம். சுவிட்ச் திரும்ப மேலே வரும்போதுதான் தடங்கல். போர்ட் விளக்கு எரிந்த உடனே, பிரைமரி என்று குறிக்கப்பட்டிருந்த போர்ட்டுக்குப் பாண்ட் திரும்பத் தாவியது. சுவிட்ச்சோ அந்த போர்ட்டில் இன்னும் ஸ்பானிங் ட்ரீ (பாக்கெட்டுகள் சுவிட்சுகளுக்குள் சுற்றிக்கொண்டே இருக்காமல் தடுக்கும் நெறிமுறை) கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது: கேட்பதற்கு 15 விநாடி, கற்பதற்கு 15 விநாடி. அந்த அரை நிமிடம் பாக்கெட்டுகள் கிணற்றில் போட்ட கல்தான்.

மூன்று பக்கம் சரி செய்யலாம். சுவிட்சில் சர்வர் போர்ட்டுகளை எட்ஜ் போர்ட் என்று குறித்தால் ஸ்பானிங் ட்ரீ காத்திருப்பு போகும். சர்வரில் அப்டிலே என்ற அளவுருவால், லிங்க் வந்த பிறகும் இவ்வளவு நேரம் பொறு என்று சொல்லலாம். அது எம்ஐஐமானின் மடங்காக இருக்க வேண்டும், எம்ஐஐமானோடு மட்டும்தான் வேலை செய்யும். நான் விடாமல் செய்வது மூன்றாவது: பிரைமரி ரீசெலக்ட் என்பதை 'ஃபெயிலியர்' என்று வைப்பேன். இப்போது ஓடும் வழி சாகும்வரை திரும்பத் தாவாது. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் வழியை விட்டு, இப்போதுதான் எழுந்து உட்கார்ந்த வழிக்கு ஓட ஒரு காரணமும் எனக்குத் தெரியவில்லை.

இதுவரை சொன்னது எல்லாம் இரண்டு கேபிளும் ஒரே சப்நெட்டில் இருக்கும் கதை. இரண்டு வேறு நெட்வொர்க், இரண்டு கேட்வே என்றால் கதையே வேறு. ஒரு போர்ட்டில் 192.0.2.10, இன்னொன்றில் 198.51.100.10 என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது முகவரிக்கு வெளியிலிருந்து ஒரு கோரிக்கை வருகிறது. லினக்ஸ் பதிலை எந்த வழியாக அனுப்பும்? வந்த வழியாக என்று நினைப்போம். ரூட்டிங் டேபிளில் (எந்த முகவரிக்கு எந்த வழி என்ற பட்டியல்) இயல்பு வழி எதுவோ அந்த வழியாகத்தான் அனுப்பும். முன்வாசலில் வந்து கேட்டவருக்குப் பின்வாசல் வழியாகப் போய் பதில் சொல்லும் மாதிரி. முதல் நெட்வொர்க், தனக்குச் சொந்தமில்லாத முகவரியிலிருந்து பாக்கெட் வருகிறதே என்று அதைத் தூக்கி எறியும்.

இதற்கு பாலிசி ரூட்டிங்தான் சரியான வழி. ஒவ்வொரு நெட்வொர்க்குக்கும் தனி ரூட்டிங் டேபிள், 101, 102 என்று எண் கொடுத்துக்கொள்ளலாம் (253 முதல் 255 வரை கர்னல் ஏற்கனவே எடுத்துக்கொண்டது). ஒவ்வொன்றிலும் அதற்குரிய கேட்வே. பிறகு 'மூல முகவரி 192.0.2.10 என்றால் டேபிள் 101 பார், 198.51.100.10 என்றால் 102 பார்' என்று இரண்டு ரூல். அவ்வளவுதான். கட்டளை வரியில் போட்டுவிட்டு ரீபூட்டில் இழக்காமல், நெட்வொர்க் கான்ஃபிக்கிலேயே எழுதி வையுங்கள்.

கூடவே ரிவர்ஸ் பாத் ஃபில்டர். ஆர்எஃப்சி 3704 என்ற இணையத் தர ஆவணம் சொல்லும் சோதனை அது: இந்த பாக்கெட்டின் மூல முகவரிக்கு நான் பதில் அனுப்பினால் இதே போர்ட் வழியாகப் போகுமா? மதிப்பு 1 என்றால் கண்டிப்பு, போகாது என்றால் சத்தமில்லாமல் எறிந்துவிடும். 2 என்றால் ஏதாவது ஒரு போர்ட் வழியாகப் போனால் போதும். பல வழி உள்ள சர்வரில் 2 வைக்கிறேன். 'ஆல்' மதிப்பு, அந்த போர்ட்டின் மதிப்பு, இரண்டில் பெரியதைத்தான் கர்னல் எடுத்துக்கொள்ளும். ஒன்றை மட்டும் 0 ஆக்கிவிட்டு ஏன் இன்னும் பாக்கெட் தொலைகிறது என்று தேடுபவர்கள் மற்றதையும் பாருங்கள். பாண்ட் போடாமல் ஒரே சப்நெட்டில் இரண்டு போர்ட்டுக்கும் தனித்தனி ஐபி கொடுத்திருந்தால், ஒரு போர்ட்டின் ஐபிக்கு மற்ற போர்ட்டும் ஏஆர்பி பதில் சொல்லும். ஏஆர்பி இக்னோரை 1, ஏஆர்பி அனவுன்ஸை 2 என்று வைத்தால் அடங்கும். அப்படி ஓர் அமைப்பே வேண்டாம் என்பது என் யோசனை.

இரண்டு இயல்பு வழி போட்டு, ஒன்றுக்கு மெட்ரிக் (முன்னுரிமை எண், குறைந்ததே முதலில்) 100, மற்றதற்கு 200 கொடுத்துவிட்டு 'ரிடண்டன்சி ஆச்சு' என்று விடுவதைப் பரவலாகப் பார்க்கிறேன். அது பாதுகாப்பு இல்லை. கேட்வே செத்து லிங்க் உயிரோடு இருந்தால் 100 என்ற வழி டேபிளிலேயே இருக்கும், எல்லாம் அங்கேதான் போகும். லிங்க் போனால்கூட கர்னல் அந்த வழியில் 'லிங்க்டவுன்' என்று குறித்துவிட்டு இயல்பாக வைத்தே இருக்கும். அதைப் புறக்கணிக்கச் சொல்லும் சிஸ்சிடிஎல் (கர்னல் அமைப்பு) தனியாக உண்டு, இல்லையென்றால் நெட்வொர்க் மேலாண்மை மென்பொருள் எடுக்க வேண்டும். கேட்வேக்கு அப்பால் இருக்கும் ஒன்றைத் தொடர்ந்து தொட்டுப் பார்த்து, வழியை மாற்றும் ஒரு சிறு சேவை இங்கே கட்டாயம் தேவை. அது மாற்றினாலும் மூல முகவரி மாறுவதால் ஓடிக்கொண்டிருந்த டிசிபி இணைப்புகள் அறுந்துவிடும். ஒரே இணைப்பைப் பல வழிகளில் ஓட்டும், 2020இல் லினக்ஸ் 5.6இல் நுழைந்த மல்டிபாத் டிசிபி இதற்குத்தான் வந்தது, இரு முனையும் அதைப் பேச வேண்டும்.

புதிதாக ஒன்றைக் கட்டும் சுதந்திரம் கிடைத்தால் நான் தேர்ந்தெடுப்பது வேறு. பாண்டே வேண்டாம். சர்வரின் முகவரியை லூப்பேக்கில் (எந்த கேபிளோடும் சேராத உள் போர்ட்) /32 ஆக, அதாவது ஒற்றை முகவரியாக வைத்து, இரண்டு போர்ட்டையும் இரண்டு சுவிட்சோடு தனித்தனி ரூட்டிங் லிங்க்காக இணைத்து, சர்வரில் எஃப்ஆர்ஆர் என்ற ரூட்டிங் மென்பொருளை ஓட்டி, பிஜிபி (ரவுட்டர்கள் வழிகளை அறிவித்துக்கொள்ளும் நெறிமுறை) வழியாக அந்த முகவரியை இரு பக்கமும் அறிவிப்பேன். எந்த லிங்க் போனாலும் முகவரி போகாது. எம்லாக் கிடையாது, ஸ்பானிங் ட்ரீ கிடையாது, சுவிட்சுகள் வேறு வேறு நிறுவனத்தினுடையதாக இருந்தாலும் கவலையில்லை. பிஜிபி தானாக உணர நேரமாகும். எஃப்ஆர்ஆரின் வழக்கமான அமைப்பில் ஹோல்ட் டைம் (எதிர்முனை பேசாவிட்டால் பொறுக்கும் நேரம்) 180 விநாடி. அதனால் பிஎஃப்டியைச் சேர்க்க வேண்டும். 2010இல் ஆர்எஃப்சி 5880 ஆக வந்த இந்த நெறிமுறை, எஃப்ஆர்ஆரின் இயல்பு அமைப்பில், 300 மில்லிவிநாடிக்கு ஒரு தட்டு, மூன்று தட்டு தவறினால் செத்தது என்று எடுத்துக்கொள்ளும். ஒரு விநாடிக்குள் விஷயம் தெரிந்துவிடும். கவனிக்க வேண்டியது, சர்வர் தானாகத் தொடங்கும் இணைப்புகளும் லூப்பேக் முகவரியிலிருந்து கிளம்ப வேண்டும். வழிகளில் மூல முகவரியைக் குறிப்பிடாவிட்டால் லிங்க் முகவரியிலிருந்து கிளம்பி, அந்த லிங்க்கோடு சேர்ந்து சாகும்.

நெட்வொர்க் வழியாக டிஸ்க்கை இணைக்கும் ஐஸ்கசி சேமிப்பகத்துக்குப் பாண்ட் போடாதீர்கள், இரண்டு தனி வழியாக விட்டு, சேமிப்பக வழிகளைக் கையாளும் மல்டிபாத் மென்பொருளின் கையில் கொடுங்கள்.

சோதனை. 'ஐபி லிங்க் செட் டவுன்' என்று போர்ட்டை மென்பொருளில் அணைத்துப் பார்ப்பது மிகக் குறைவான சோதனை. கர்னலுக்கு நீங்களே சொல்லிவிட்டீர்கள், அது கண்டுபிடிக்க ஒன்றும் இல்லை. கேபிளைப் பிடுங்குவது அதைவிட நல்லது. நான் கட்டாயம் செய்யச் சொல்வது, சுவிட்சில் அந்த போர்ட்டைப் பயன்பாட்டில் இல்லாத ஒரு விலேனுக்கு மாற்றுவது. விளக்கு எரியும், பாக்கெட் போகாது. உண்மையான மோசமான இரவு எப்படி இருக்குமோ அப்படி. வெளியிலிருந்து 0.2 விநாடிக்கு ஒரு பிங் ஓடவிட்டு வரிசை எண்ணைப் பார்த்தால், 412க்கு அடுத்து 427 என்று வந்தால் இடையில் 14 போயிருக்கிறது, சுமார் 3 விநாடி. அந்த எண்ணைக் குறித்து வைத்து, சேவையை நடத்தும் குழுவிடம் 'இவ்வளவு தாங்குமா' என்று கேட்பேன். பிறகு போர்ட்டைப் பழைய விலேனுக்குத் திருப்பி, திரும்பி வரும்போது எவ்வளவு போகிறது என்றும் பார்ப்பேன். இரண்டு எண்ணும் வேண்டும்.

ஜம்போ ஃபிரேம் (வழக்கமான 1500 பைட்டுக்குப் பதிலாக 9000 வரை போகும் பெரிய பாக்கெட்) பயன்படுத்துபவர்கள் இரண்டாவது வழியில் இருக்கும்போதே இன்னொன்றையும் செய்யுங்கள். உடைக்கக்கூடாது என்ற கொடியோடு 8972 பைட் பிங் அனுப்புங்கள். 9000இல் ஐபி தலைப்புக்கு 20, பிங் பயன்படுத்தும் ஐசிஎம்பியின் தலைப்புக்கு 8 போக மிச்சம் அது. முதல் சுவிட்சில் 9000, இரண்டாவதில் 1500 என்று இருந்தால் சாதாரண பிங் போகும், லாகின் ஆகும், பெரிய கோப்பு எடுத்தால் அப்படியே நிற்கும். அந்தப் பக்கம் தாவும்வரை யாருக்கும் தெரிய வாய்ப்பே இல்லை.

கடைசியாக அலர்ட். இரண்டு வழியில் ஒன்று செத்தால் பயனர் யாரும் புகார் செய்யமாட்டார். ஏற்பாடு வேலை செய்ததால் வந்த அமைதி அது. அந்த அமைதியிலேயே மாதக்கணக்கில் ஒற்றை வழியில் ஓடும் சர்வர்களைப் பார்த்திருக்கிறேன். கண்காணிப்பு மென்பொருளான ப்ரொமீதியஸின் நோட் எக்ஸ்போர்ட்டர், ஒரு பாண்டில் எத்தனை போர்ட் இருக்க வேண்டும், எத்தனை உயிரோடு இருக்கிறது என்று இரண்டு எண்களைத் தருகிறது. இரண்டும் சமமாக இல்லாமல் ஐந்து நிமிடம் தாண்டினால் அலர்ட். அதோடு, கட்டமைப்பில் இரண்டு போர்ட் இருக்க வேண்டிய சர்வரில் முதல் எண்ணே 1 என்று வந்தால் தனியாக ஓர் அலர்ட். போர்ட் பெயர் மாறி ஒன்று பாண்டில் சேரவே இல்லை என்றால் 1க்கு 1 சமம்தான், முதல் அலர்ட் பேசாது. பிஜிபி சர்வர்களில் இதற்குப் பதிலாக நிலைபெற்ற பிஎஃப்டி இணைப்புகளின் எண்ணிக்கையைப் பார்க்கிறேன், இரண்டுக்குக் கீழே போனால் அலர்ட். இவற்றை எச்சரிக்கை நிலையில் வைக்காமல், அன்றைக்கே ஒருவர் பெயரில் டிக்கெட் திறக்கும்படி வைத்திருக்கிறோம்.